ஆராய்ச்சி மணியும் வீதிக் கமராவும்

திருவாரூர் வீதியிலே ஒரு பசுக்கன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்தது. தேரேறிச் சென்றவன் அரசிளங்குமரன். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பிலே பாடியருளிய இவ்வரலாற்றை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. யான் இதனை முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே படிப்பித்து வருகிறேன். செங்கோன்மைக்கு உதாரணமாகவே படிப்பித்தேன். இது ஒரு வீதி விபத்தின் கதை என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அவ்வாறு எண்ணும்படி செய்தவன் என் மாணாக்கன் ஒருவன்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள், அமைச்சர்கள் மனுவேந்தனுக்குச் சொன்ன ஆறுதலை விளக்கிக்கொண்டிருந்தேன். கன்று தேரின் இடையே புகுந்து இறந்தது. நூல்கள் விதித்த பிராயச்சித்தத்தைச் செய்துவிட்டாற் போதும் என்பது அமைச்சர் கட்சி. அது கன்றை இழந்த பசுவின் துயரத்தைத் தீர்க்குமோ என்பது அரசன் கட்சி. இவ்விடத்திலே பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாதவன்.

"ஐயா, பசு மணி அடிக்கும்போது கன்று செத்துப்போய்விட்டதுதானே? சாவதற்கு முன்னம் அடிக்கிற மணி ஒன்றும் அந்த ஊரில் இருக்கவில்லையா?"

வகுப்பிற் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பையனுடைய தகப்பனார் மூன்று ஆண்டுகளுக்கு முன், மாலையிலே கடையிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது, பின்னால் வேகமாக வந்த வாகனம் ஒன்று மோதி இறந்தவர். வழக்கு நடந்தது. அது என்னவாயிற்று என்று பின்னொருநாள் யான் விசாரித்தபோது, "தண்டம் கட்டிவிட்டார்கள், ஐயா" என்று மாத்திரம் சொன்னான். பிராயச்சித்தம் என்னும் சொல்லுக்கு அதனினும் தெளிவான உரையை யான் எந்த உரையாசிரியரிடமும் கண்டதில்லை.

பையனுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. "யோசித்துச் சொல்கிறேன், இரு" என்று சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

கனடாவிலிருந்து வந்த செய்தி

அக்கேள்வி மனத்திலே கிடக்கும் நாளில், கனடாவில் ஸ்காபரோவில் வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சுகநலம் விசாரித்த பின் மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார். "ஐயா, இங்கே பள்ளிக்கூடத்தடிகளில் வைத்திருந்த வேகக் கமராக்களை எல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது. என்னிடம் இரண்டு தரம் தண்டம் வாங்கின கமராவும் போய்விட்டது."

"உம்முடைய மகள் எந்தப் பள்ளிக்கூடத்திற் படிக்கிறாள்?" என்று கேட்டேன்.

சற்றுத் தாமதித்து, "அதே பள்ளிக்கூடந்தான், ஐயா" என்றார்.

அவர் கெட்டவர் அல்லர். பிள்ளைகளிடத்து அன்புள்ள தகப்பன். ஆயினும் தண்டப்பணம் கட்டிய கையின் நோவு, அக்கமரா யாருக்காக அங்கே நின்றது என்பதை மறைத்துவிட்டது. அவரொருவர் மாத்திரமல்லர், ஒரு மாகாணமே இவ்வாறு இருபக்கமாய்ப் பிரிந்து வாதிட்டது. நம்மவர் பல்லாயிரவர் வாழும் இடமாதலின் அவ்வழக்கை விரித்துச் சொல்வது தகும்.

ஒன்ராறியோ மாகாணம் 2017இல் இயற்றிய சட்டமொன்று, பள்ளிக்கூடங்களை அடுத்த வீதிகளிலும் சமூகப் பாதுகாப்பு வலயங்களிலும் தானியங்கிக் கமராக்களை வைக்க நகரசபைகளுக்கு இடமளித்தது. ரொறன்ரோ நகரம் 2020 ஜூலையில் இவ்வகையிலே தண்டம் விதிக்கத் தொடங்கியது. வாகனத்தின் இலக்கத் தகட்டைக் கமரா படம் பிடிக்கும். உரிமையாளருடைய வீட்டுக்குக் கடிதம் போகும். அவர் பணம் கட்டவேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்திலே குற்றப்புள்ளி விழாது.

பலன் என்ன? ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் ஆய்வாளர் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து பள்ளிக்கூட வலயங்களை ஆராய்ந்து 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவின்படி, கமரா நின்ற இடங்களில் வேக எல்லையை மீறிய வாகனங்களின் விகிதம் 45 வீதம் குறைந்தது. இஃது ஒரு பக்கம்.

மறுபக்கத்திலே சினம் வளர்ந்தது. ஹை பார்க் என்னும் பூங்காவை ஒட்டிய பார்க்சைட் டிரைவ் வீதியிலே, 2021 ஒக்டோபரில் வேகமாக வந்த வாகனமொன்றினால் முதிய தம்பதியர் இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு அவ்வீதியிலே கமரா வைத்தனர். அதனை இருளிலே பலமுறை வெட்டி வீழ்த்தினர் சிலர். ஒருமுறை அதனைக் கொண்டுபோய்ப் பூங்காவின் குளத்திலே போட்டுவிட்டனர். இருவர் உயிரிழந்த இடத்திலே நின்ற கருவிக்கு நேர்ந்த கதி இது.

மாகாண முதல்வர் டக் போர்ட் இக்கமராக்கள் வெறும் பணப்பறிப்பு என்றார். நகரபிதாக்கள் பலர் மறுத்தனர். பொலிஸ் தலைவர்களின் சங்கமும் கமரா உயிர்காக்கும் என்றது. எனினும் சட்டம் மாற்றப்பட்டு, 2025 நவம்பர் 14ஆம் திகதி முதல் அக்கமராக்களுக்குத் தடை வந்தது. அம்மாகாணத்துக்கு இது புதிதன்று. 1994இல் ஓர் அரசாங்கம் நெடுஞ்சாலைகளிற் கமரா வைத்தது. 1995இல் வந்த அடுத்த அரசாங்கம் அதனை நீக்கியது.

பழைய வழக்கு

கமரா புதிது, வழக்குப் பழையது. இங்கிலாந்திலே 1865இல் வந்த சட்டம் ஒன்று, தானே இயங்கும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலும் ஊருக்கு வெளியே 4 மைலும் மாத்திரமே ஓடலாம் என்றும், அதற்கு முன்னே ஒருவன் செங்கொடி பிடித்து நடக்கவேண்டும் என்றும் விதித்தது. 1896 ஜனவரியில் கென்ற் பகுதிக் கிராமம் ஒன்றிலே ஒருவர் மணிக்கு 8 மைல் ஓடினார். பொலிஸ்காரர் ஒருவர் சைக்கிளிலே துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக அவருக்கு விதித்த தண்டம் ஒரு ஷில்லிங். அவ்வாண்டிலேயே சட்டத்தைத் தளர்த்தி வேகத்தை உயர்த்தினர்.

பின்னர் 1903இல் மணிக்கு 20 மைல் என்று எல்லை வகுத்தனர். பொலிஸார் வேலி மறைவிலே கடிகாரத்தோடு ஒளித்திருந்து, அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை நொடியிற் கடக்கிறது என்று பார்த்துப் பிடித்தனர். மோட்டார் வைத்திருந்த செல்வர் இதற்குச் சினந்து 1905இல் ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கத்துக் காவலர் சைக்கிளில் திரிந்து, முன்னே பொலிஸார் இருக்கின்றனர் என்று அங்கத்தவருக்கு எச்சரிக்கை செய்வர். 1910இல் நீதிமன்றம் இது பொலிஸார் கடமைக்கு இடையூறு என்று தீர்த்தது. சங்கத்தார் சளைக்கவில்லை. சங்கச் சின்னம் பூண்ட வண்டி வந்தாற் காவலர் வணக்கம் செய்வது வழக்கம். வணக்கம் செய்யாது நின்றால் முன்னே பொலிஸார் உண்டு என்பது குறிப்பு. வணக்கம் செய்யாமைக்கு ஒருவனைத் தண்டிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாதே!

வேகக் கமராவின் பிறப்பும் இதைப்போலவே வேடிக்கையானது. அதனை ஆக்கியவர் மொரிஸ் கற்சோனிடிஸ் என்னும் ஒல்லாந்து நாட்டவர். அவர் பொலிஸ்காரர் அல்லர். மோட்டார் ஓட்டப்பந்தய வீரர். 1953இல் மொன்ரே காலோப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளிலே தம் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டுவது எங்ஙனம் என்று அறியவே வேகத்தை அளக்கும் கருவி செய்தார். வேகத்தை வளர்க்கப் பிறந்த கருவி வேகத்தை அடக்கும் கருவியாயிற்று. பிரித்தானியாவிலே 1992இல் இலண்டன் நகரின் மேற்கே ருவிக்கன்ஹாம் பாலத்திலே அது முதன்முதல் நின்றது.

வேகத்தின் கணக்கு

யான் இலக்கணம் படிப்பிப்பவன். கணிதம் படிப்பிப்பவன் அல்லன். ஆயினும் இக்கணக்கைச் செய்யப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு நொடியிலே 14 மீற்றர் செல்லும். 70 கிலோமீற்றர் வேகத்தில் 19 மீற்றருக்கு மேற் செல்லும். கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் தடுப்பை மிதிக்க ஏறத்தாழ ஒரு நொடி வேண்டும். அந்த ஒரு நொடியிலே வேகமாக வந்தவன் ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை இழந்துவிட்டான். ஐந்து மீற்றர் என்பது ஒரு பிள்ளை நம் ஊர் வீதியைப் பெரும்பாலும் கடந்துவிடும் தூரம். அன்றியும், வேகம் இரு மடங்கானால் மோதும் வலி நான்கு மடங்காகும். சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர் போக்கும் விபத்தின் அபாயம் நான்கு வீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இனி, இலாபத்தைக் காண்போம். பத்துக் கிலோமீற்றர் தூரத்தை 60இல் ஓடினாற் பத்து நிமிடம். 70இல் ஓடினால் எட்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஒன்றரை நிமிடம் மிச்சம். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கொண்டு நாம் செய்த பெருங்காரியம் என்ன என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

எதிர்ப்போர் கட்சி

எனினும், கமராவை எதிர்ப்போர் சொல்வன எல்லாம் வீண் என்று தள்ளிவிடுவது முறையன்று. பூர்வபட்சத்தை நன்கு கேளாமற் சித்தாந்தம் சொல்லுதல் நம் மரபுமன்று.

முதலாவது, பணப்பறிப்பு என்னும் குற்றச்சாட்டு. இதிலே உண்மையின் கூறு உண்டு. பிரித்தானியாவிலே 2000ஆம் ஆண்டு தொடங்கி, கமரா வைப்போர் தம் செலவைத் தண்டப்பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ள ஒரு முறை இருந்தது. பிழை கூடினால் வருவாய் கூடும் என்று நிலைமை இருக்குமாயின், வைத்த இடம் உயிர் காக்கும் இடமா, பணம் விளையும் இடமா என்று சனங்கள் ஐயுறாது வேறென்ன செய்வர்? 2007இல் அம்முறையை அங்கே கைவிட்டனர். வைத்தியர் ஒருவருக்கு நோயாளியின் தொகையைக் கொண்டு சம்பளம் கொடுத்தால், ஊரிலே நோய் குறைவதை அவர் விரும்புவார் என்று நம்புவது அரிது.

இரண்டாவது, ஒளித்திருந்து பிடித்தல் என்பது. இது வேலி மறைவிலே கடிகாரத்தோடு இருந்த காலத்துக்குப் பொருந்தும். ஒன்ராறியோவிலே கமரா வைக்குமுன் அறிவித்தல் பலகை நாட்டினர்; வைத்தபின்னும் பலகை நின்றது. பிரித்தானியாவிலே பெட்டிகளுக்கு மஞ்சள் நிறம் பூசினர். எழுத்து வாசிக்கத் தெரிந்தவன் பலகையை வாசித்தும் மீறினான் என்றால், அவனை யாரும் ஒளித்திருந்து பிடிக்கவில்லை.

மூன்றாவது, தண்டம் செல்வனைச் சுடாது என்பது. இதுவே அவற்றுள் வலியது. குற்றப்புள்ளி இல்லாது பணம் மாத்திரம் கட்டவேண்டுமாயின், கூலிக்காரனுக்கு அது தண்டனை. செல்வனுக்கு அது வேகத்தின் விலை. பின்லாந்து நாட்டிலே மிகுந்த வேகத்துக்கு விதிக்கும் தண்டம் ஓட்டியவரின் வருமானத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். அரசகுமாரனுக்கும் குடியானவனுக்கும் ஒரே நோவு உண்டாகவேண்டும் என்பதே அதன் கருத்து. மனுவேந்தன் கேட்டதும் அதுதானே? பிறனொருவன் கொன்றால் உயிர்த்தண்டம், என் மகன் கொன்றாற் பிராயச்சித்தமோ என்றல்லவா அவன் அமைச்சரை வினவினான்!

நான்காவது, கமராவுக்குப் பதிலாக வீதியையே திருத்தலாம் என்பது. மேடு அமைக்கலாம், சுற்றுவட்டம் அமைக்கலாம், பெரும் பலகை நாட்டலாம் என்று ஒன்ராறியோ அரசாங்கம் சொல்லிற்று. இவை நல்லனவே, செய்யட்டும். ஆனால் வேலி கட்டப்போகிறோம் என்று சொல்லி நாயை அவிழ்த்துத் துரத்திவிடுதல் விவேகமன்று. வேலி எழும்பும்வரையாவது நாய் நிற்கலாம்.

நம் வீதிகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியிலே உயிரிழக்கின்றனர். நடந்து சென்றோரும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றோரும் அவருட் பலர். ஊருக்குள்ளே 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்று எல்லை உண்டு. கொழும்பு நகரிலே 2024 ஜனவரி முதல் கமராவிற் பதிந்த வீதிக் குற்றங்களுக்கும் தண்டம் விதிக்கத் தொடங்கினர். மற்றைய இடங்களில், மரநிழலிலே பொலிஸ்காரர் ராடார்க் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே நமக்குப் பழகிய காட்சி.

நிற்கும் பொலிஸ்காரர் மனிதர். அவருக்குப் பசி உண்டு, வெயில் உண்டு, அறிந்த முகம் உண்டு, மேலிடத்துப் பயம் உண்டு. பெரியவர் ஒருவருடைய வாகனத்தை மறிக்க அவர் கை எழும்புவது கடினம். சிறியவர் ஒருவருடைய கண்ணீருக்கு மனமிரங்குவதும் உண்டு. அந்த இரக்கத்துக்கு விலை பேசுவோரும் உண்டு. கமராவுக்கு இவை ஒன்றும் இல்லை. இரக்கமில்லாமை ஒரு குறைதான். ஆனால் முகம் பார்த்து இரங்கும் நீதியினால் முகமில்லாதவர்களே இழந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டுக்கு உரிய ஒரு கூறும் இதில் உண்டு. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுவது சாரதியின் கொழுப்பினால் மாத்திரமன்று. அன்றாட வசூலிலேதான் அவருடைய வரும்படி தங்கியிருக்கிறது. முன்னே போகிறவன் சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். ஆகவே ஓடுகிறார். பிடிபட்டால் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தண்டம் கட்ட நிற்பவர் சாரதி. வசூலை எண்ணுபவர் வேறொருவர். ஒன்ராறியோவிலே, ஓட்டினவனை விட்டு உரிமையாளனுக்குக் கடிதம் அனுப்புவது அநீதி என்று குறைப்பட்டனர். நம் பஸ்களைப் பொறுத்தவரை அதுவே நீதிக்கு அண்மையானது என்பேன். திருவாரூர்ப் பசுவும் தேரேறியவனைத் தேடிப் போகவில்லை. தேருக்கு உடையவனின் வாயிலிலேதான் சென்று மணியை அசைத்தது.

என் குற்றம்

பிறர் குற்றம் பேசியது போதும். இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். பையன் அக்கேள்வியைக் கேட்பதற்கு இரண்டு நாளைக்கு முன், சனிக்கிழமையன்று, கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி என் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். வழியிலே பொலிஸார் ராடாருடன் நின்றனர். அவர்களைக் கடந்து சிறிது தூரம் வந்ததும், எதிரே ஒரு லொறி பெருவேகத்தில் வந்தது. யான் முன்விளக்கை இருமுறை அணைத்து ஏற்றிக் காட்டினேன். நம் வீதியில் இதன் பொருள் யாவருக்கும் தெரியும். லொறிச் சாரதி கையை உயர்த்தி நன்றி சொல்லி வேகத்தைக் குறைத்தார். முன்பின் அறியாத ஒருவருக்கு உபகாரம் செய்தேன் என்ற மகிழ்ச்சியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

உண்மையில் யான் செய்தது என்ன? பொலிஸாரைக் கடந்ததும் அவர் மீண்டும் பழைய வேகத்தைப் பிடித்திருப்பார். அவ்வீதியிலே, அதே பொழுதில், யாரோ ஒருவருடைய தகப்பன் சைக்கிளிலே வீடு திரும்பிக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு யான் விளக்கைக் காட்டவில்லை. 1905இல் இங்கிலாந்துச் செல்வர் சம்பளம் கொடுத்துச் செய்வித்த தொண்டை, யான் சம்பளமின்றிச் செய்தேன். பொலிஸாரை நாம் எல்லாரும் ஒரு பக்கத்திலும், நம்மை மற்றொரு பக்கத்திலும் வைத்து எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வாறு எண்ணுவதற்கு நம் ஊரிலே காரணங்களும் இருந்தன. ஆனால் வேகத்தின் விஷயத்திலே பக்கங்கள் வேறு. ஒரு பக்கத்திலே விரைபவன், மறுபக்கத்திலே நடப்பவன். நாமெல்லாரும் வாகனத்திலிருந்து இறங்கியவுடன் நடப்பவர்களே.

ஆதலின் என் முடிபு இது. கமரா வரட்டும். ஆனால் அது நிற்குமிடம் விபத்து நேர்ந்த இடமாகவோ பள்ளிக்கூட வாயிலாகவோ இருக்கட்டும். முன்னே பலகை நிற்கட்டும். தண்டப்பணம் பிடித்தவர் கைக்குப் போகாமல், அவ்வீதியின் கடவைக்கும் நடைபாதைக்கும் விளக்குக்கும் போகட்டும்; எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்று ஆண்டுதோறும் சனங்களுக்குச் சொல்லட்டும். மந்திரியின் வாகனத்துக்கும் மரக்கறி ஏற்றிவரும் லொறிக்கும் ஒரே கடிதம் போகட்டும். இவை இல்லாத கமராவைச் சனங்கள் வெறுப்பர். வெறுத்தபின் ஒன்ராறியோவில் நிகழ்ந்ததே இங்கும் நிகழும். நல்ல சட்டமொன்றைக் கெடுப்பதற்கு அதன் எதிரிகள் வேண்டுவதில்லை; அதனைக் கொண்டு பணம் தேடுவோர் போதும்.

சில நாட் கழித்து அப்பையனை அழைத்து, "சாவதற்கு முன்னம் அடிக்கிற மணி உண்டு, தம்பி, அதைத்தான் இப்பொழுது சில ஊர்களில் வெட்டிக் குளத்திலே போடுகிறார்கள்" என்று சொல்லி, பார்க்சைட் டிரைவ் கதையையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டான். பிறகு, "எங்கள் வீட்டுப் பக்கம் வைப்பார்களா, ஐயா?" என்றான். அதற்கும் என்னிடம் விடை இருக்கவில்லை.

யான் இப்பொழுது எதிரே வருவோருக்கு விளக்குக் காட்டுவதில்லை. பொலிஸாரிடம் பிடிபட்டுத் திரும்பும் ஓரிருவர் என்னை நினைத்து வைதுகொண்டு போகக்கூடும். போகட்டும். பையன் தினமும் மாலை நான்கு மணிக்கு அதே வீதியாற்றான் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறான்.